ஆச்சியின் பாட்டு, பழைய ஹெச்4என், மும்பை மழை: ஒரு பேத்தியின் கேள்விக்குப் பதில்

செம்பூரிலிருந்து ஒரு பேத்தி கேட்டிருக்கிறார். சயான் கோலிவாடாவில் இருக்கும் அவருடைய ஆச்சிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி எல்லாம் ஆச்சியின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கின்றன. அலுவலக நண்பர் ஒருவர் தன் பழைய சூம் ஹெச்4என் ரெக்கார்டரைக் கொடுத்திருக்கிறார். டிவி மேசையில் அதை வைத்துவிட்டு, ஆச்சியைக் கட்டிலில் உட்காரவைத்துப் பாடச் சொன்னாராம். முதல் பதிவில் ஒரே இரைச்சல், குரல் உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் கிழிகிறது. இரண்டாவது பதிவு 0 கேபி என்று காட்டுகிறது. இதற்குள் மழையும் வந்துவிட்டது. கருவியை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பாதுகாப்பது, பேசாமல் போனிலேயே எடுத்துவிடலாமா என்பது கேள்வி.

போனை முதலில் பார்த்துவிடுவோம். அவசரத்துக்குப் போன் போதும். சமையல் நடுவில் ஆச்சி திடீரென்று பாட ஆரம்பித்துவிட்டால் பைக்குள் ரெக்கார்டரைத் துழாவிக்கொண்டிருக்க வேண்டாம். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஆனால் பல போன்களின் ரெக்கார்டர் ஆப் பேச்சைக் குறிவைத்துச் செய்தது. மெல்லிய குரலைத் தானாகத் தூக்கும், உரத்த குரலை அமுக்கும், கோப்பைச் சுருக்கியும் வைக்கும். ஒப்பாரி முனகலில் தொடங்கி, அழுகையாக ஏறி, மூச்சு வாங்கி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிட்டால் வரிகள் மிஞ்சும், பாட்டு மிஞ்சாது. ஹெச்4என் 2009-ல் வந்த மாடல், பழசுதான். இருந்தாலும் இந்த வேலைக்குத் தாராளம்.

நான் பார்த்தவரை பதிவு கெடுவது இரண்டு சமயத்தில். ரெக் பொத்தானை அமுக்குவதற்கு முந்தைய பத்து நிமிடம் ஒன்று; எல்லாம் முடிந்து கருவியைப் பைக்குள் போட்ட பிறகு இன்னொன்று. நடுவில் கருவி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. உங்கள் இரண்டு பதிவுகளும்கூட அப்படித்தான் போயிருக்கின்றன.

இரைச்சலை எடுத்துக்கொள்வோம். டிவி மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில் எப்படியும் 2 மீட்டர் இருக்கும். வாயிலிருந்து நேராக வரும் குரல், தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் அறை முழுக்க நிரம்பியிருப்பதால் அவை அப்படிக் குறைவதில்லை. குரல் சின்னதாக வருகிறதே என்று நீங்கள் லெவலை, அதாவது பதிவாகும் ஒலி அளவை, ஏற்றியிருப்பீர்கள். குரலோடு விசிறியும் ஏறும், மைக்கின் ஒலியைப் பெருக்கித் தரும் ப்ரீஆம்பின் ‘ஸ்ஸ்’ சத்தமும் ஏறும். 2 மீட்டரை அரை மீட்டராகக் குறைத்தால் குரல் மட்டும் கிட்டத்தட்ட 12 டெசிபல் கூடுகிறது. எந்த விலை கொடுத்து எந்த மைக் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. பின்னால் கம்ப்யூட்டரில் இரைச்சலை நீக்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அழுத்தி நீக்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

ஆகவே ஆச்சிக்கு எதிரே ஒரு ஸ்டூல் போடுங்கள். மேலே ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் ரெக்கார்டர். துண்டு இல்லாவிட்டால் ஆச்சி தாளம் போட்டுக் கட்டிலைத் தட்டுவது ‘டொம் டொம்’ என்று பதிவாகும். கையில் பிடித்துக்கொண்டு எடுக்கவே கூடாது; விரல் அசையும் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் உடம்பு முனகும். மைக்குகள் வாயிலிருந்து 30, 40 சென்டிமீட்டர் தள்ளி, கொஞ்சம் கீழே, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடித்து வெடிக்கும். ஹெச்4என்னின் மைக்குகளைத் திருகி 90 டிகிரியோ 120 டிகிரியோ வைக்கலாம். ஒருவர் பாட 90 போதும். பெண்கள் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பாடினால் 120.

விசிறி ஒரு தர்மசங்கடம். எண்பது வயதுக்காரரை மும்பைப் புழுக்கத்தில் விசிறியை அணைத்துவிட்டு உட்காரவைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. வேகத்தைக் குறையுங்கள், காற்று மைக்கின்மேல் நேராகப் படாதபடி ஸ்டூலை நகர்த்துங்கள், மைக்குக்கென்று இருக்கிற பஞ்சுத் தொப்பியை மாட்டுங்கள். முடிந்தால் அதிகாலையில் எடுங்கள். சுவரும் தரையும் மொட்டையாக இருந்தால் எதிரொலிக்கும். கொடியில் காயும் போர்வையை ஆச்சிக்குப் பின்னாலோ பக்கத்திலோ தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும். ஃப்ரிட்ஜை அணைத்தால் திரும்பப் போட மறந்துவிடுவீர்கள், அதனால் வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு அணையுங்கள். பதிவு வேலை செய்பவர்கள் பலரும் செய்கிற பழைய தந்திரம் இது.

ரயிலை அணைக்க முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்று ஒரு வரம் இருக்கிறது; பராமரிப்பு வேலைக்காக ரயில்களை நிறுத்திவைப்பார்கள். ஹார்பர் ரயில் பாதையில் ஆச்சி வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனான ஜிடிபி நகரையும் சேர்த்து அறிவித்துவிட்டால், முற்பகலிலிருந்து சாயங்காலம்வரை தண்டவாளம் அடங்கிக் கிடக்கும். ஊரே திட்டும் நாளில் நமக்குக் கொண்டாட்டம். ரயில்வே முன்கூட்டியே அறிவித்துவிடும். பார்த்துத் தேதி குறியுங்கள்.

இன்னொன்றையும் எதிர்பாருங்கள். எழவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடமாட்டேன் என்று ஆச்சி சொல்லக்கூடும். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் அப்படித்தான். வற்புறுத்தாதீர்கள்; மாடியிலோ சாலின் (வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பின்) பொது நடையிலோ உட்காரச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். வெளியே போனால் காற்று. கடல்காற்றுக்குப் பஞ்சுத் தொப்பி போதாது, அதற்குமேல் மாட்டும் புசுபுசு உறை வேண்டும். கடையில் டெட்கேட் என்று கேட்டால் கொடுப்பார்கள். காற்று மைக்கில் அடித்து உண்டாகும் ‘புர்ர்’ சத்தத்தைப் பின்னால் எதைக்கொண்டும் சுத்தமாக எடுக்க முடியாது.

இனி குரல் கிழிந்த விஷயம். ஆச்சியைப் பேசச் சொல்லி லெவல் வைத்திருப்பீர்கள், அவர் பாடியிருப்பார். பேச்சுக்கும் ஒப்பாரியின் உச்சத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். டிஜிட்டலில் 0 டெசிபல் என்பது கூரை. அதைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்டது திரும்ப வராது. எனவே பாட்டிலேயே உரக்க வரும் இடத்தை ஒருமுறை பாடிக்காட்டச் சொல்லுங்கள். அப்போது மீட்டர் மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்கும்படி பக்கவாட்டிலுள்ள ரெக் லெவல் பொத்தானில் வையுங்கள். உணர்ச்சி மேலிட்டு இன்னும் ஏறினாலும் மேலே இடம் இருக்கும். மெல்லிய இடங்களில் மீட்டர் தரையோடு கிடந்தால் பயப்பட வேண்டாம், 24 பிட்டில் அதைப் பின்னால் தூக்கிக்கொள்ளலாம்.

24 பிட் என்றேன் இல்லையா, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கருவி எவ்வளவு நுணுக்கமாகக் குறித்துவைக்கிறது என்பதற்கான அளவு அது. வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்: இதை வைத்துவிட்டு அந்த மெனுப் பக்கமே திரும்பிப் போகாதீர்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசாவும் பழைய ஒலிநாடாக்களை டிஜிட்டலாக்கக் குறைந்தபட்சம் என்று சொல்வது இந்த அளவைத்தான். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். 32 ஜிபி கார்டில் முப்பது மணி நேரம் போகும். இடத்தை மிச்சம் பிடிக்க எம்பி3-க்குப் போக எந்தக் காரணமும் இல்லை. 24 பிட் வேலை செய்யவில்லை என்றால் பேட்டரி அறைக்குள் ஸ்டேமினா என்ற சின்ன சுவிட்சைப் பாருங்கள். அது ஆனில் இருந்தால் பேட்டரி கூடுதல் நேரம் வரும், ஆனால் தரம் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டோடு நின்றுவிடும். இன்புட் மெனுவில் லெவல் ஆட்டோவை ஆஃப் செய்யுங்கள். அது ஆச்சி மூச்சு வாங்கும் இடைவெளியில் விசிறிச் சத்தத்தைத் தூக்கிக் கொண்டுவரும். அடித்தொனிச் சத்தங்களை வெட்டும் லோ கட்டை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் லாரி, ரயில் உறுமல் கொஞ்சம் குறையும்; பெண் குரல் அவ்வளவு கீழே இறங்குவதில்லை என்பதால் பாட்டுக்கு நஷ்டமில்லை. வெளி மைக் எதுவும் மாட்டாதபோது, அந்த மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பேண்டம் பவர் ஆஃப். ஆனில் இருந்தால் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும்.

இப்போது ஹெச்4என்னின் பெரிய கண்ணி. ரெக் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று சிமிட்டும். மீட்டர் ஆடும், ஹெட்போனில் குரலும் கேட்கும். பதிவு மட்டும் ஆகாது. அது தயார்நிலை. இன்னொரு முறை அமுக்கினால்தான் விளக்கு சிமிட்டாமல் நின்று எரியும், திரையில் நேரம் ஓடும். டாஸ்கம் நிறுவனத்தின் சிறிய ரெக்கார்டர்கள் பலவற்றிலும் இதே வழக்கம். எத்தனையோ நல்ல கச்சேரிகளும் நேர்காணல்களும் சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கோடு போய்விட்டன. விளக்கைப் பார்ப்பதைவிட நேரம் ஓடுகிறதா என்று எண்களைப் பாருங்கள். ஓடுவது உறுதியானதும் பவர் சுவிட்சை எதிர்ப்பக்கம் தள்ளி ஹோல்டில் போட்டுவிடலாம். குழந்தைகள் வந்து பொத்தானை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது.

ஹெட்போன் கட்டாயம். அது இல்லாமல் பதிவு செய்வது உப்புப் பார்க்காமல் சாம்பாரைப் பந்திக்கு அனுப்புவது மாதிரி. ஒயர் உள்ள, காதை மூடும் சாதாரண ஹெட்போன் போதும். ஒரு நிமிடம் பதிவு செய்து, நிறுத்தி, போட்டுக் கேளுங்கள். ஆச்சியின் வளையல், வெற்றிலைப்பெட்டி மூடி, உங்கள் போன் சிக்னல் தேடும்போது வரும் ‘டிட் டிடிட்’ எல்லாம் ஹெட்போனில்தான் தெரியும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ரெக்கார்டரிலிருந்து தள்ளியே வையுங்கள். பாட்டைத் தொடங்குமுன் தேதி, இடம், ஆச்சியின் பெயர், அவருடைய ஊர் எல்லாவற்றையும் நீங்களே சொல்லிப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யச் சம்மதமா, யாருக்கெல்லாம் போட்டுக் காட்டலாம் என்பதை அவர் குரலிலேயே வாங்கிவிடுங்கள். யாரும் பேசாத அரை நிமிட அறைச் சத்தமும் தனியாக இருக்கட்டும், பின்னால் எடிட் செய்பவர் உங்களை வாழ்த்துவார்.

0 கேபி கோப்புக்கு வருவோம். பேட்டரி பாதியில் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஸ்டாப் அமுக்கியவுடன் எழுதி முடிப்பதற்குள் கார்டை உருவியிருப்பீர்கள். வேவ் கோப்பின் தலைப்பகுதியில் எவ்வளவு நீளம் என்ற கணக்கு உண்டு. நிறுத்தும்போதுதான் அது முறையாக எழுதப்படும். அதற்குமுன் கரண்ட் போனால் ஒலி கார்டில் இருக்கும், கணக்கு இருக்காது. இன்னும் அந்தக் கார்டில் எதையும் பதிவு செய்யவில்லை என்றால் பாட்டு கிடைக்க வாய்ப்பு உண்டு. கார்டைக் கழற்றி ஓரத்திலுள்ள சின்னத் தாழை லாக் பக்கம் தள்ளிவிடுங்கள். ஃபார்மட் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள், பெயரில் போட்டோ இருந்தாலும், ஒலிக் கோப்புகளையும் தேடும். மீட்டதை வேறு டிஸ்கில் சேமியுங்கள், அதே கார்டில் வேண்டாம்.

மீட்ட கோப்புக்கு அளவு இருக்கிறது, ஆனால் பாட மாட்டேன் என்கிறது என்றால் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ‘இம்போர்ட் ரா டேட்டா’ வழியாகத் திறக்க வேண்டும். 24 பிட், லிட்டில் எண்டியன், இரண்டு சேனல், 48000 என்று கொடுங்கள். வெறும் மழைச் சத்தம்போல் இரைந்தால் கலங்க வேண்டாம். 24 பிட் ஸ்டீரியோவில் ஒலியின் ஒவ்வொரு துளிக்கும் (சாம்பிளுக்கும்) 6 பைட். தொடக்கம் ஒரு பைட் தள்ளிப்போனாலும் எல்லாம் இரைச்சலாகிவிடும். ஸ்டார்ட் ஆஃப்செட் என்ற கட்டத்தில் 0, 1, 2 என்று 5 வரைக்கும் மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். ஏதோ ஒன்றில் ஆச்சி குரல் பளிச்சென்று வரும். பதிவு 16 பிட்டில் ஆகியிருந்தால் அதற்கேற்ப 16 பிட், 44100 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹெச்4என் ஸ்டீரியோ பதிவுகளுக்கு எஸ்டிஇ-000, எஸ்டிஇ-001 என்று பெயர் வைக்கும். கார்டை ஃபார்மட் செய்தால் மறுபடி 000-லிருந்து எண் தொடங்கும். போன வாரக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரிலேயே இந்த வாரத்ததையும் கொட்டினால், அதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று அமுக்கினால் போன வாரப் பாட்டு போச்சு. ஒவ்வொரு நாளுக்கும் தேதியிட்ட தனி ஃபோல்டர் போடுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, வெளி டிஸ்கில் ஒரு பிரதி, ஊரில் சித்தப்பா வீட்டில் ஒரு பிரதி. மூன்றும் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும், அதையும் ரெக்கார்டரிலேயே செய்ய வேண்டும். ஹெச்4என்னுக்கு 32 ஜிபிக்கு மேல் கார்டு வாங்காதீர்கள். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது தாராளமாகச் செய்யுங்கள். அதையே சேமிப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் அப்பளமே நமுத்துப்போகிறது, மைக் என்ன செய்யும்? ரெக்கார்டரை ஓதம் அடிக்கும் சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். சமையலறையில் இருக்குமே, ரப்பர் வளையம் வைத்துக் காற்றுப் புகாமல் மூடும் டப்பா, அது ஒன்று போதும். உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் சூடுபடுத்தி ஈரத்தைப் போக்கித் திரும்பப் பயன்படுத்துங்கள். அரிசியில் புதைத்து வைக்கும் வைத்தியம் வேண்டாம். ஈரத்தைவிடத் தவிட்டுத் தூசிதான் மைக் வலைக்குள் அதிகம் போகும். அந்துருண்டையையும் அந்த டப்பாவில் போடாதீர்கள், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். ஏசி லோக்கல் ரயிலிலோ ஏசி காரிலோ வந்து இறங்கியவுடன் கருவியை வெளியே எடுக்கக் கூடாது. குளிர்ந்த உலோகத்தில் வெளிக்காற்றின் ஈரம் முத்துமுத்தாகப் படியும். பையை மூடியபடியே அரைமணி வைத்திருந்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திறங்கள்.

எனக்குத் தெரிந்து ரெக்கார்டர்களுக்கு மழையைவிடப் பெரிய எமன் உள்ளே மறந்துவிட்ட பேட்டரி. பதிவு முடிந்ததும் இரண்டு பேட்டரியையும் வெளியே எடுங்கள், மறுநாளே எடுக்கப்போவதாக இருந்தாலும் சரி. பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான சாதா பேட்டரி சீக்கிரம் தீரும், சீக்கிரம் கசியும். எனிலூப் போன்ற ரீசார்ஜ் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி நாலு வாங்கிவிட்டால் வருடக்கணக்கில் வரும். வாங்கியதும் மெனுவில் பேட்டரி வகையை நிக்கலுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று கருவி தப்பாகக் காட்டும். அடாப்டர் போட்டு எடுப்பதானால் ஹெச்4என்னுக்கு 5 வோல்ட். பின் பொருந்துகிறது என்பதற்காக வீட்டிலிருக்கும் வேறு எதையாவது செருகிப் பார்க்க வேண்டாம். பேட்டரியை ரொம்ப நாள் எடுத்து வைத்திருந்தால் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிப்போயிருக்கும், அடுத்த பதிவுக்குமுன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஆல்கலைன் பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது காரம். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு, பொடியில் மட்டும் படும்படி துடையுங்கள். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட வேறு குச்சி. நன்றாகக் காய்ந்த பிறகு பேட்டரி. கருவியின் உடம்பில் பூசியிருக்கும் ரப்பர் பூச்சு இந்த ஊர் ஈரத்தில் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். அதே ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போய்விடும். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பிளாஸ்டிக்கையே கரைக்கும். மைக் வலையை வாயால் ஊதாதீர்கள், ஸ்பிரே காற்றும் அடிக்காதீர்கள். உள்ளே இருப்பது மிக மெல்லிய சவ்வு. தலைகீழாகப் பிடித்து மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும். பஞ்சுத் தொப்பியை அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர்கிறதா? உடனே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், அந்தப் பொடி வலைக்குள் போனால் எடுப்பது கஷ்டம்.

புதுக் கருவி வாங்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சூம் நிறுவனம் 2024-ல் கொண்டுவந்த எசென்ஷியல் வரிசையில் 32 பிட் ஃப்ளோட் இருக்கிறது. அதில் ரெக் லெவல் வைக்கும் வேலையே இல்லை, ஆச்சி எவ்வளவு உரக்க அழுதாலும் கோப்பில் தலை வெட்டுப்படாது. உங்களுக்கு நடந்த குரல் கிழிசலுக்கு அது நல்ல மருந்து, மறுக்கவில்லை. ஆனால் விசிறி, ரயில், 2 மீட்டர் தூரம் எதையும் அது சரிசெய்யாது. என்னைக் கேட்டால் இந்த வருஷம் அந்தப் பணத்தில் ஒரு ஹெட்போன், டெட்கேட் உறை, நாலு ரீசார்ஜ் பேட்டரி, சார்ஜர், 32 ஜிபி கார்டு இரண்டு வாங்குங்கள், மிச்சமும் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு போனால் பெரும்பாலும் ஒரே நடையில் முடிந்துவிடும். கார்டை மட்டும் பில் போட்டுத் தரும் கடையில் வாங்குங்கள், போலி நிறைய. வீட்டுக்கு வந்ததும் புதுக் கார்டை ரெக்கார்டரில் போட்டு ஃபார்மட் செய்து, ஏதாவது ஒன்றை இரண்டு மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்து, கடைசி நிமிடம்வரை ஒழுங்காகப் பாடுகிறதா என்று பார்த்த பிறகு ஆச்சி வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.